சரிவான தரையில் நாலு பீரோ

அனுபவம் எழுதுகிறவனுக்குத் தலை நரைத்திருக்க வேண்டும் என்று எவனோ சட்டம் போட்டு வைத்திருக்கிறான். எனக்கு இருபத்தாறு வயது. வருகிற சனிக்கிழமையோடு இந்த பஸ் ஷெட்டை விட்டுப் போகிறேன். அந்த வகையில் நானும் ஓய்வு பெற்றவன்தான். ஸ்டோருக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் காலேஜ் பார்த்த பிள்ளைகள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் உட்கார்ந்து இதை டைப் அடிக்கிறேன். காலேஜ் பார்க்காதவர்களாக இருந்தால் இவ்வளவு பயப்பட மாட்டேன்.

எந்த ஸ்பேர் எந்தத் தட்டில் இருக்கிறது, யார் கேட்டால் எதை எடுத்துக் கொடுக்கலாம் என்பதெல்லாம் ஸ்டோர் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது. அதற்கு நான் தேவையில்லை. நான் சொல்ல வந்தது அந்த நாலு பீரோக்களைப் பற்றி. முதல் நாளே பார்த்திருப்பீர்கள். நாலும் சுவரோடு இரும்புப் பட்டையால் இறுக்கப்பட்டு, கொஞ்சம் பின்னால் சாய்ந்து, வருகிறவனை முறைப்பது மாதிரி நிற்கின்றன. முன்கால்களுக்கு அடியில் கறுப்பு வேங்கைக் கட்டைகள், ஒன்றுக்கொன்று பொருந்தாமல், வெளியே துருத்திக்கொண்டு. உங்களில் ஒருவர் நேற்று மேஸ்திரியிடம், "இதை நேராக்கி வச்சா என்ன?" என்று கேட்டாராம். அவர் பதில் சொல்லாமல் போய்விட்டாராம். அவருக்குப் பதிலாக நான் சொல்கிறேன்.

யுத்தம் முடியாத சமயம் அது. பெட்ரோல் கிடைக்காமல் பாதி பஸ்கள் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு தேனிக்கும் கம்பத்துக்கும் இருமிக்கொண்டே ஓடின. நான் மதுரையில் பி.ஏ. முடித்து, இங்கே ஸ்டோர் கீப்பராகச் சேர்ந்து நாலு மாதம். எங்கள் வீடு போடியில். அப்பாவுக்கு இலவம் பஞ்சு வியாபாரம். ஞாயிற்றுக்கிழமை சர்ச், மற்ற ஆறு நாளும் பஞ்சு. எனக்குப் பஞ்சு ஒத்துக்கொள்ளாது, தும்மல் வரும். இந்த ஷெட் இருக்கிற அல்லிநகரத்துக்கு ஓடி வந்ததற்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்றுமில்லை.

ஷெட்டின் தரையைக் கட்டும்போதே சுவரிலிருந்து நடுவாய்க்காலை நோக்கி நன்றாகச் சரித்துவிட்டிருக்கிறார்கள். பஸ் கழுவிய தண்ணீரும் ஒழுகிய எண்ணெயும் தேங்காமல் ஓட அந்தச் சரிவு வேண்டும். ஆனால் அங்கே ஒரு பீரோவைக் கொண்டுபோய் வைத்தால் அது முன்னால் குனிந்து நிற்கும். கதவைச் சாத்தினால் சாத்தியபடி இருக்காது. கை எடுத்ததும் மெல்லத் திறந்துகொள்ளும். நாலும் அந்த வருஷம்தான் முதலாளி புதிதாகச் செய்வித்தவை. தேக்கு. ஆளைவிட ஒரு முழம் உயரம். கதவுகளின் உள்பக்கம் ஸ்பேனர் மாட்டக் கொக்கிகள். காலியாக இருக்கும்போதே ஒன்றைத் தூக்க நாலு ஆள் வேண்டும்.

ஆயுத பூஜைக்குள் நாலும் ஒரே மட்டமாக நிற்க வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். பெரியகுளத்திலிருந்து அவருடைய சம்பந்தி வீட்டார் அன்றைக்கு ஷெட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. பழனிசெட்டிபட்டியிலிருந்து ஆசாரி வந்தார். என்னைவிட ரெண்டு வயது கூட இருக்கும், அவ்வளவுதான். ஒரு பகல் முழுக்கக் குனிந்து வேலை பார்த்து, முன்கால்களுக்கு வேங்கைக் கட்டை கொடுத்து நாலையும் தூக்கி நிறுத்தினார். கதவுகள் சாத்தினால் சாத்தியபடி நின்றன.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஸ்டோரில் ஒரு பித்தளை ரசமட்டம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் முதல் பீரோவின் தலைமேல் வைத்தேன்.

"ஆசாரியாரே, குமிழி நடுவுல நிக்கலையே."

"நிக்காது தம்பி. வேணும்னேதான் ரெண்டு நூல் பின்னால சாச்சுருக்கேன்."

எட்டு நூல் ஓர் அங்குலம். ரெண்டு நூல் என்றால் கால் அங்குலம்.

"மட்டம்னா மட்டமா இருக்கணும். அதென்ன வேணும்னே?"

"பீரோவுக்கு முதுகு எங்கன இருக்கு, வயிறு எங்கன இருக்குன்னு குமிழிக்குத் தெரியாதுல்ல. ரெண்டு கதவையும் ஒண்ணாத் தொறந்தா மொத்தப் பாரமும் முன்னால வந்துரும். சுவத்தோட சேத்து இரும்புப் பட்டை அடிச்சப்புறம் நேராக்கணும்னா நேராக்கிக்கிருவோம்."

"பட்டை எப்ப வரும்?"

"கொல்லரு நேத்தே உலையை அவிச்சுட்டாரு. பூசை கழிச்சு மறுநாள்தான் பத்த வைப்பாரு. நானும் நாளைக்கு வீட்டுல உளி, வாச்சியெல்லாம் கழுவி வைக்கணும். பூசைக்கு மறுநாள் பட்டையை வாங்கிக்கிட்டு வந்துருவேன். அதுவரைக்கும் ரெண்டு கதவையும் ஒண்ணாத் தொறக்காதீக."

சரி என்று தலையாட்டினேன். அவர் சைக்கிளில் ஏறுவதற்கு முன்பே எனக்குள் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. வேலை சரியாக வராதவன்தான் வேணும்னே விட்டேன் என்பான். இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஒருவர் காரணம் சொல்லும்போது அதைச் சாக்கு என்று எடுத்துக்கொள்வதற்கு ஒரு நொடிகூடத் தேவைப்படாது. காரணமாக எடுத்துக்கொண்டால் அடுத்து ஒரு கேள்வியாவது கேட்க வேண்டியிருக்கும். நான் கேட்கவில்லை.

மறுநாள், அதாவது பூஜைக்கு முதல் நாள், பீரோக்கள் இன்னும் காலியாகவே இருந்தன. ரெண்டு கிளீனர்களைக் கூப்பிட்டு, ஜாக்கி வைத்து ஒவ்வொன்றாக முன்பக்கத்தைத் தூக்கி, ஆசாரி வைத்த வேங்கைக் கட்டைகளை உருவிப் போட்டேன். அப்பா குடோனிலிருந்து சாமான் பெட்டி அடிக்க அனுப்பிய இலவ மரப் பலகைத் துண்டுகள் ஸ்டோரில் கிடந்தன. இலவ மரத்தை அறுக்க ரம்பம்கூட வேண்டாம், பேனாக் கத்தி போதும். பீரோவின் காலுக்கு எவ்வளவோ அவ்வளவே, வெளியே ஒரு மயிரிழைகூடத் துருத்தாமல், எட்டுக் கட்டை செதுக்கினேன். பீரோவுக்கு அடித்த அதே பச்சைப் பெயிண்டை அதற்கும் அடித்தேன். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் நாலிலும் குமிழி நட்டநடுவில். அழகு என்றால் அப்படி ஒரு அழகு. நூல் பிடித்தமாதிரி நின்றன.

ஃபிட்டர் சுருளி பக்கத்தில் ஒரு கரி வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். முப்பது வயது இருக்கும். கல்யாணமாகி ரெண்டு பெண் குழந்தைகள். அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டினார்.

"ஆசாரி வச்சதை எதுக்கு உருவுறீக?"

"கோணலா இருந்துச்சு."

"இது எலவமரமில்ல?"

"எலவத்தைப் பத்தி போடிக்காரனுக்கா சொல்லித் தாறீக? எங்க வீட்டுல விழுற ஒவ்வொரு பருக்கையும் எலவத்துல வந்தது. இண்டர்மீடியட்ல ஃபிசிக்ஸ் வேற படிச்சுருக்கேன்."

"ஃபிசிக்ஸு படிச்ச எலவம்னா சரிதான்" என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கிளீனர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாயங்காலத்துக்குள் பீரோக்களில் சாமான்களை அடுக்கினேன். சம்பந்தி வீட்டார் கண்ணில் படட்டும் என்று பளபளவென்று துடைத்த பல்சக்கரங்களை மேல்தட்டில், முன்விளிம்பில் வரிசையாக வைத்தேன். கனமானதைக் கீழே வை என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கும் தெரியும். ஆனால் கீழே வைத்தால் எவனும் பார்க்க மாட்டான்.

பூஜை அன்று விடிந்ததிலிருந்து கழுவல். எல்லா பஸ்களையும் உள்ளே ஏற்றி, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்து, தரையையும் சேர்த்துக் கழுவினார்கள். சுவரோரமெல்லாம் தண்ணீர் நின்று, பீரோக்களுக்கு அடியில் புகுந்து, வாய்க்காலுக்கு ஓடியது. ரெண்டு மணி நேரம் ஓடியிருக்கும். என் பச்சைக் கட்டைகள் ரெண்டு மணி நேரம் குளித்தன.

பத்து மணிக்கு நடுஷெட்டில் வாழை இலை விரித்துக் கருவிகளைப் பரப்பினார்கள். ஸ்பேனர்கள், சுத்தியல்கள், இடுக்கிகள். நடுநாயகமாகப் பெரிய ஜாக்கி, மேலே சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. பூஜையை நடத்துவது மேஸ்திரி. இப்போது நீங்கள் பார்க்கிற அதே மேஸ்திரிதான். அவருக்கு அன்றைக்கு ஒரு முறை உண்டு. ஷெட்டில் சாமான் வைக்கிற எதுவும் மூடியிருக்கக் கூடாது. உள்ளே இருக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் தீபம் தெரிய வேண்டும்.

"பீரோக் கதவெல்லாம் தொறந்து விடுங்கப்பா" என்றார்.

எனக்கு ஆசாரி சொன்னது நன்றாகவே ஞாபகம் வந்தது. மறந்துபோய்விட்டேன் என்று இன்றைக்கு உங்களிடம் சொல்லிவிடலாம், யாருக்கும் தெரியாது. ஞாபகம் வந்தது. அவர் சொன்னது அவருடைய கோணல் வேலைக்கு. இப்போதுதான் எல்லாம் மட்டமாக நிற்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டுக் கதவையும் என் கையால் திறந்துவிட்டேன்.

சூடம் காட்டினார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். மேஸ்திரி எல்லோரையும் பார்த்துச் சொன்னார். "நாளைக் காலைல நான் எடுத்துக் குடுக்கிற வரைக்கும் ஒரு ஸ்பேனரைக்கூட எவனும் தொடப்பிடாது. இன்னைக்கு அதுகளுக்கு லீவு." வருஷா வருஷம் சொல்வதுதான். பொரியும் கடலையும் கைமாறின. சம்பந்தி வீட்டார் முதலாளியோடு வாசல் பக்கம் காருக்கு அருகே நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சுருளி நாலாவது பீரோவுக்கு முன்னால், ஈரம் காய்ந்த இடமாகப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார். நான் பத்தடி தள்ளி நின்றேன். அவர் என்னைப் பார்த்து, "பி.ஏ., பொரியில ஒங்களுக்குக் கடலையே வரலையாமில்ல" என்று ஏதோ சொல்ல வந்தார்.

அவருக்குப் பின்னால் பீரோ வணங்கியது. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கிறீச்சென்று சத்தம் வரும், மரம் முறியும் என்றெல்லாம் நினைப்பீர்கள். ஒன்றுமில்லை. கோயிலில் பெரிய மனிதர் ஒருவர் குனிவதுபோல நிதானமாக முன்னால் குனிந்தது. மேல்தட்டிலிருந்து பல்சக்கரங்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன. சத்தமெல்லாம் பிறகுதான். சுருளி கால்களைப் பிரித்து எழுந்திருக்கப் பார்த்தார். இடது கால் வந்துவிட்டது. வலது காலின் மேல் பீரோ படுத்துக்கொண்டது.

அவர் கத்தவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் பொறுக்காதது. தன் காலைத் தேடுகிறவர் மாதிரி கீழே பார்த்தார்.

பிறகு எல்லோரும் ஓடினார்கள். மேஸ்திரியும் மூன்று டிரைவர்களும் விளிம்பைப் பிடித்துத் தூக்கினார்கள். ஒரு சாண் எழுந்தது. ஈரத்தில், எண்ணெயில், சரிவில் நாலு பேர் காலும் ஒரே சமயத்தில் வழுக்கின. பீரோ திரும்பவும் இறங்கியது, இறங்கியதோடு வாய்க்கால் பக்கம் ஒரு விரற்கடை நகர்ந்தது. அப்போதுதான் சுருளி கத்தினார்.

"விடுங்க. கையால வேணாம்" என்றார் மேஸ்திரி. "இன்னொரு தடவை நழுவுச்சுன்னா காலை அறுத்து எடுத்துட்டுப் போயிரும். ஜாக்கி."

ஜாக்கி பதினைந்தடி தூரத்தில் வாழை இலையில் இருந்தது. மாலையோடு. எரிகிற விளக்குக்குப் பின்னால்.

ஒருவரும் நகரவில்லை. நீங்கள் உடனே அவர்களைப் பற்றி ஒரு அபிப்பிராயத்துக்கு வருவீர்கள். நானும் வந்தேன். அவசரப்படாதீர்கள். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் தொடக்கூடாது என்று சொல்லி, தலையாட்டி, விபூதி வாங்கிய கைகள் அவை. அவர்களில் மூத்த டிரைவர் சுற்றிப் பார்த்து, கடைசியில் என்னைக் கண்டார்.

"தம்பி, நீ வேதக்காரப் பிள்ளைதானே. ஒனக்கு இதெல்லாம் கெடையாதுல்ல. நீ எடு ராசா."

எல்லோருடைய முகமும் என் பக்கம் திரும்பியது. அந்த ஷெட்டில் அந்த ஜாக்கியைத் தொட ஒரு தடையும் இல்லாத ஒரே ஆள் நான்தான். மற்றவர்கள் நின்றதற்கு ஒரு காரணம் இருந்தது. எனக்கு அதுகூட இல்லை. கையில் பொரியோடு நின்றேன். கால் வரவில்லை. பீரோவின் அடிப்பாகம் இப்போது எனக்கு நேராகத் தெரிந்தது. பச்சைக் கட்டை ரெண்டும் காலோடு ஒட்டிக்கொண்டு, நசுங்கி, நனைந்த ரொட்டி மாதிரி இருந்தன. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேஸ்திரி என்னை ஒரு தடவை பார்த்தார். சுருளியை ஒரு தடவை பார்த்தார். விளக்கைத் தாண்டி இலைக்குள் கால் வைத்து, மாலையோடு ஜாக்கியைத் தூக்கினார்.

"ஆத்தா, கோவிச்சுக்கிறதா இருந்தா எங்கிட்ட மட்டும் கோவிச்சுக்க" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

விலக்கு வைத்தவரே அதை மீறியதும் மற்றவர்களுக்குக் கட்டு அவிழ்ந்தது. ஒருவர் கடப்பாரையை எடுத்தார், இன்னொருவர் சாக்கைக் கொண்டுவந்தார். ஆனால் ஜாக்கி சரிவில் நிற்கவில்லை. பாரம் ஏறினதும் அடி நழுவி வாய்க்கால் பக்கம் சாய்ந்தது. மேஸ்திரி உடனே இறக்கினார்.

"இதுக்கு அடியில கட்டை வேணும். சக்கரத்துக்கு வைக்கிற கட்டை. ஏலே பி.ஏ., முழிச்சது போதும், ஓடு."

இந்தத் தடவை கால் வந்தது. ஓடினேன். நேர் எதிரே சுவர்ப் பக்கம் நின்ற குமுளி பஸ்ஸின் முன்சக்கரத்துக்கு அடியில் ஆப்பு மாதிரிச் செதுக்கிய நல்ல கட்டை ஒன்று இருந்தது, எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில். குனிந்து அதைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். பாதி வந்துவிட்டது.

"அதைத் தொடாத."

மேஸ்திரி அப்படிக் கத்தி அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை.

"அதை எடுத்தா வண்டி நேரா எங்க மேல வந்து நிக்கும். அது என்ன ஒங்கப்பன் பஞ்சுப் பொதியா, வச்ச எடத்துல கெடக்க? டிரைவர் சீட்டுக்கு அடியில இன்னொண்ணு இருக்கும். அதை எடு."

சக்கரத்திலிருந்து வாய்க்கால் வரைக்கும், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் குனிந்து நிற்கிற ஏழு பேர் வரைக்கும் அப்போதுதான் பார்த்தேன். பாதி வந்த கட்டையைக் காலால் மிதித்துத் திரும்ப உள்ளே தள்ளினேன். மலை ஏறுகிற வண்டிகளில் சீட்டுக்கு அடியில் உபரிக் கட்டை வைத்திருப்பார்கள். நாலு மாதம் ஸ்டோரில் அந்தக் கட்டைகளை எண்ணி எண்ணிக் கொடுத்தவன் நான். எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மேஸ்திரி அதைத் தலைகீழாகத் திருப்பி, தடித்த முனை வாய்க்கால் பக்கம் வருகிற மாதிரி சாக்கின் மேல் வைத்தார். அதன் மேல் ஜாக்கியை நிறுத்தினார். அது செங்குத்தாக நின்றது. ரசமட்டம் ஒன்றும் இல்லை. உள்ளங்கையை மேலே வைத்து அழுத்திப் பார்த்தார், அவ்வளவுதான்.

வாசலிலிருந்து முதலாளி ஓடி வந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. "அந்த ஆசாரிய இப்பவே கூட்டியாங்க. வேலை பாத்திருக்கிற லட்சணத்தைப் பாரு. இனிமே இந்தப் பக்கட்டு எவனும் அவனுக்கு ஒரு சட்டம் இழைக்கக் குடுக்கப்பிடாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சுருளிக்கு அது கேட்டது. அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். யார் கட்டை என்று அவருக்குத் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை.

நானும் சொல்லியிருக்க மாட்டேன். உள்ளதைச் சொல்கிறேன். அந்த நேரத்தில் எனக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான், முதலில் சுருளி வெளியே வரட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று. நியாயமாகத்தான் தோன்றியது. பேசாமல் இருப்பதற்கு எவ்வளவு நல்ல நியாயம் கிடைக்கும் என்பதை நீங்களும் ஒருநாள் பார்ப்பீர்கள்.

அப்போது மூன்றாவது பீரோ கண்ணில் பட்டது. ஜாக்கியைச் சுற்றுகிற மேஸ்திரியின் முதுகு அதற்கு நேர் கீழே இருந்தது. கடப்பாரை பிடித்தவரும் அதன் கீழேதான். அதன் கதவு ரெண்டும் அகலத் திறந்து கிடந்தன. மேல்தட்டு முன்விளிம்பில் பல்சக்கரங்கள். அடியில் இன்னும் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. ரெண்டாவதும் அப்படியே. முதலாவதும். எட்டுக் கட்டையும் நான் செதுக்கியவை.

"மேஸ்திரி" என்றேன். ரெண்டடி முன்னால் போய் இன்னும் சத்தமாகச் சொன்னேன்.

"மேஸ்திரி, மத்த மூணும் விழுந்துரும். அடியில இருக்கிறது ஆசாரி வச்ச கட்டை இல்ல. அதையெல்லாம் நேத்து நான் உருவிட்டேன். இது எலவமரம். என் வேலை."

முதலாளி பாதி வார்த்தையில் நின்றார். ஜாக்கிக் கம்பி சுற்றுவது நின்றது. மேஸ்திரி தலையைத் தூக்கி, தனக்கு மேலே நின்ற பீரோவை முதல் தடவையாகப் பார்த்தார். அவர் குதித்து விலகியிருந்தால் ஜாக்கி நழுவியிருக்கும். அவர் விலகவில்லை. கம்பியை விடாமல் பிடித்தபடியே பேசினார்.

"பின்னால நிக்கிறவுக பீரோவுக்குப் பக்கவாட்டுல வாங்க. முன்னால வராதீக. கதவுக்கு ஒரு ஆளு. மெதுவாச் சாத்துங்க, அடிச்சுச் சாத்தாதீக. சாத்திட்டுத் தோளைக் குடுத்து நில்லுங்க. மூணாவதுக்குப் பி.ஏ. வரட்டும்."

போனேன். ஒரு கதவை நானும் ஒரு கதவை மூத்த டிரைவரும் சாத்தி, தோளைக் கொடுத்தோம். தேக்குப் பலகை வழியாக அந்தப் பாரம் என் எலும்பில் வந்து உட்கார்ந்தது. நின்ற இடத்திலேயே அது என்மேல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வது தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத சாய்வு. ஆனால் தோளுக்குத் தெரிந்தது. காலுக்கு அடியில் நனைந்த மரம் பஞ்சு மாதிரி உட்கார்ந்துகொண்டே இருந்தது. டிரைவர் என் காதருகே, "விட்டுறாதடா, விட்டுறாதடா" என்று முனகிக்கொண்டே இருந்தார். பூஜை மாலை வாசமும் அவர் வேர்வை வாசமும் இன்றைக்கும் என் மூக்கில் இருக்கிறது.

மேஸ்திரி கம்பியைச் சுற்றினார். படுத்த பீரோ நூல் நூலாக எழுந்தது. ஒரு சாண் ஆனதும் ரெண்டு பேர் சுருளியின் அக்குளைப் பிடித்து இழுத்தார்கள். கால் வந்தது. முழங்காலுக்குக் கீழே இருக்கக்கூடாத இடத்தில் மடிந்து வந்தது. பெரியகுளத்துக் காரிலேயே அவரைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சம்பந்தியம்மா தன் மடியில் அவர் தலையை வைத்துக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மறுநாள் சொன்னபடியே ஆசாரி இரும்புப் பட்டைகளோடு வந்தார். வழியிலேயே எல்லாம் கேள்விப்பட்டிருக்கிறார். என் கட்டை ஒன்றைக் கையில் எடுத்து விரலால் அழுத்தினார். தண்ணீர் வந்தது.

"இது தலவாணிக்குப் பஞ்சு குடுக்கிற மரம் தம்பி. இதை எதுக்குப் பீரோவுக்குத் தூங்கக் குடுத்தீக?" என்றார். மூலையில் நான் குவித்து வைத்திருந்த வேங்கைக் கட்டைகளைப் பொறுக்கி, துடைத்து, திரும்ப வைத்து, ரெண்டு நூல் பின்னால் சாய்த்துப் பட்டை அடித்தார். இரும்புப் பட்டை அடித்தபிறகு நேராக்கலாம் என்று அவரே முன்பு சொன்னார். நேராக்கட்டுமா என்று அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

முதலாளி என்னை வேலையைவிட்டு அனுப்புவார் என்று பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். அவர் வரவழைத்து, "ஓடிப் போயிரலாம்னு பாக்காத. சுருளி வந்து சோலியில நிக்கிற வரைக்கும் நீ இங்கனதான் இருக்கணும்" என்றார். அதுதான் தண்டனை. பெரிய தண்டனை.

அஞ்சு மாதம் கழித்துச் சுருளி வந்தார். வாசலில் ஆள் வரும் சத்தம் கேட்டு எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் ஸ்டோர் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். வலப்பக்கம் பீரோச் சுவர் இருக்க, அதை ஒட்டியே உள்ளே நடந்து வந்தார். நேராக வந்தார். ஒரு சாய்வில்லை, நொண்டலில்லை. ஷெட்டே மூச்சு விட்டது. ஒரு கிளீனர், "அண்ணே பழையபடி வந்துட்டாருடா" என்றான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அஞ்சு மாதமாக நெஞ்சில் படுத்திருந்த பீரோ எழுந்துவிட்ட மாதிரி இருந்தது.

கடைசி வரைக்கும் போய், மேஸ்திரியிடம் ரெண்டு வார்த்தை பேசிவிட்டு, சுருளி திரும்பி ஸ்டோரை நோக்கி வந்தார். இப்போது சுவர் அவருக்கு இடப்பக்கம். ஒவ்வொரு எட்டுக்கும் வலது தோள் வாய்க்கால் பக்கம் நாலு விரற்கடை இறங்கி, இறங்கி எழுந்தது. கை காற்றைப் பிடித்தது. பாதி வழியில் ஒரு பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வலது கால் ஒரு அங்குலம் குட்டையாகிவிட்டிருந்தது. போகும்போது அந்தக் கால் சரிவின் மேட்டில் விழுந்ததால் தெரியவில்லை.

ஜன்னலுக்கு வந்து சேர்ந்தார். வேர்த்திருந்தது.

"பழைய டயருத் துண்டு ஏதாச்சும் கெடக்கா? செருப்புக்கு அடியில வச்சுத் தைக்கணும்."

"இருக்கு" என்றேன். உள்ளே போய் நல்ல தடித்த ரப்பராகத் தேடி எடுத்து வந்தேன். அளவு பார்க்க அவர் செருப்பைக் கேட்டேன். அவர் கொடுக்கவில்லை.

"வெளிய வாங்க. கீழ வைங்க. நான் ஏறி நிக்கிறேன்" என்றார். "போதுமா போதாதான்னு நான் சொல்றேன். நீங்க சொல்லாதீக."

தரையில் உட்கார்ந்து ஒரு துண்டை வைத்தேன். அவர் என் தலையைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றார். இல்லை என்றார். இன்னொன்று வைத்தேன். இல்லை என்றார். மூன்றாவதை வைத்தபோது காலை ஊன்றி, எடுத்து, மறுபடி ஊன்றிப் பார்த்தார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.